சிவப்பு மூடி

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற நங்கூரத் தெருவில், கஸ்பாருடைய காரில் டிஸ்ட்ரிபியூட்டர் உடைந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு தீக்குச்சியும் பற்றவில்லை. காலைப் பூசை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரம். கஸ்பார் வழக்கம்போல வண்டியைத் தெருவின் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்கு ஒரு நடை ஓட்டிக்கொண்டு வந்தார். தெருவின் சின்னக் கோயிலான குருசடியைத் தாண்டும்போது முன்பக்கம் எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, வண்டி நின்றது. அதே நொடியில் ரெக்ஸன் வீட்டு அடுப்படியில் ஜெனோவா சொடுக்கிய லைட்டர் வெறும் சொடுக்காகப் போயிற்று, சுடலைமணியின் டீக்கடை வாசலில் பீடிக்குக் குச்சி உரசியவருக்கு விரலில் மருந்து மட்டும் உதிர்ந்தது, தெருவுக்குள் வந்துகொண்டிருந்த மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சடங்கி நின்றன. ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த நெருப்புகள் மட்டும் எரிந்தன. புதிதாக ஒன்று பிறக்கவில்லை.

அந்த வண்டி அமெரிக்காவில் செய்தது. இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம் என்கிற அளவுக்கு முன்பக்கம் நீளம், மாந்தளிர் நிறம். எப்போதோ ஒரு கப்பல் அதிகாரி இறக்கிவிட்டு எடுக்காமல் போனதைத் துறைமுக ஏலத்தில் கஸ்பாரின் அப்பா எடுத்தார். அவர் காலத்துக்குப் பிறகு கஸ்பாருக்கு வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் என்பது அதில் பெரிய சாமான் ஒன்றும் இல்லை, ஒரு சொம்பு உயரம்தான் இருக்கும். எஞ்சினுக்குள் காலை ஊன்றிச் சுற்றிக்கொண்டே, பந்தியில் யாரையும் விடாமல், யாருக்கும் இரண்டு தரம் போடாமல் பரிமாறிப் போகிற ஆள் மாதிரி, எட்டு சிலிண்டருக்கும் நெருப்புப் பொறியை முறைவைத்துக் கொடுக்கும். அதன் தண்டு அடியில் பல் உதிர்ந்து, மூடி இரண்டாகப் பிளந்திருந்தது.

அது உடைந்ததற்கும் தெருவின் நெருப்பு போனதற்கும் என்ன தொடர்பு என்று யாரும் அதிகம் விசாரிக்கவில்லை. வண்டி எத்தனையோ வருஷமாக அங்கேயே நின்று தெருவோடு தெருவாக ஆகிவிட்டது, அதன் பொறி எது தெருவின் பொறி எது என்று பிரிக்க முடியாமல் போயிருக்கும் என்றார் சுடலைமணி. எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. காஸ் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து ஒவ்வொரு வீட்டிலும் லைட்டரைச் சொடுக்கிப் பார்த்துவிட்டு, வடக்கே குடிதண்ணீர்க் குழாயைத் தாண்டினால் எரிகிறது, தெற்கே கரண்டு கம்பத்தைத் தாண்டினால் எரிகிறது, நடுவில் எரியவில்லை என்று கண்டுபிடித்தார்கள். அதைத் தெருக்காரர்கள் அவர்கள் வருவதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். பங்குச் சாமியார் வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்தார். தண்ணி தெளிச்சா தீ எப்படி வரும் என்று பிள்ளைகள் சிரித்தன.

பிறகு தெரு தன் பாட்டுக்குப் பழகிக்கொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை சுடலைமணியின் கடை அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருந்ததால் அந்த ஒரு நெருப்பு மிஞ்சியிருந்தது. அதை அணையவிடாமல் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. விடியும் முன்னே பெண்கள் தேங்காய்ச் சிரட்டையில் கங்கு வாங்க வந்தார்கள், ஆண்கள் அரிக்கேன் விளக்கோடு வந்தார்கள், கடல் காற்று பலமாக அடிக்கிற நாளில் ஒருவர் விளக்கைப் பிடிக்க இன்னொருவர் குடை பிடித்துக்கொண்டு போனார். பீடி குடிக்கிறவர்கள் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குக் கொளுத்தி, தெரு முழுக்க ஒரே பீடி குடிப்பது மாதிரி குடித்தார்கள். வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்த நாத்தனார்கள் இரண்டு பேர் ஒரே சிரட்டையைப் பங்கிட வேண்டி வந்து, முதலில் கங்கைப் பற்றியும் பிறகு மற்றதைப் பற்றியும் பேசினார்கள். பெட்ரோல் வண்டிகள் குழாயடிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றன. தெருவுக்குள் டீசல் வண்டி மட்டும்தான் வரும். கரண்டு அடுப்பு வாங்கியவர்களும் உண்டு. ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் போட்டதும் தெருவுக்கே கரண்டு போய்விடும் என்பதால் அதற்கும் முறை வைத்தார்கள். குருசடியில் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் சுடலைமணி வேலையாயிற்று. அவர் தினமும் குளித்துவிட்டு, விபூதி பூசிக்கொண்டு, விளக்கை எடுத்துக்கொண்டு வந்து அந்தோணியாருக்கு ஏற்றிவிட்டுப் போனார்.

கஸ்பாரை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதைத்தான் கஸ்பார் முதலில் கவனித்தார். தலையைக் குனிந்துகொண்டு டீக்கடைக்குப் போனால், உட்கார இடம் கொடுத்தார்கள். "நல்ல சாமானாப் பாத்து எடுங்க அண்ணாச்சி, அவசரப்பட்டு கண்டதையும் மாட்டிராதிய," என்றார் சுடலைமணி. "மெட்ராஸ்ல கேட்டியளா? கோயமுத்தூர்ல?" என்று கேட்டார்கள். குழாயடியில் பெண்கள் எமல்டாவிடம், "மாமா முகமே வாடிப்போச்சு மாமி, கவலப்படாதியன்னு சொல்லுங்க," என்றார்கள். எமல்டா கஸ்பாரின் மனைவி. அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

கஸ்பார் உழைத்த காலமெல்லாம் சரக்குக் கப்பல் ஆபீஸ் ஒன்றில் இரண்டு அலமாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து காகிதம் பார்த்தவர். அங்கே அவரை "உள்ள இருக்க ஆளு" என்பார்கள். யாராவது அவரைப் பார்ப்பதற்கென்று நின்றார்கள் என்றால், அது அவர் வண்டியின் முன்மூடியைத் தூக்கி எஞ்சினைத் திறந்து வைக்கிற நேரத்தில்தான். போன வருஷம் சென்னையில் பழைய வண்டிகளின் கண்காட்சியில், வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் டார்ச் அடித்து எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாமே வண்டியோட பிறந்தது. இப்படி நான் பார்த்ததில்லை," என்று சொன்னார். அதை, வண்டியை லாரியில் ஏற்றிவிட்டு ரயிலில் திரும்பி வரும்போது கஸ்பார் எமல்டாவிடம் எத்தனை தடவை சொன்னார் என்பதற்கு அளவில்லை.

ஆகவே அவர் தேடினார். மதுரைக்குப் பஸ் ஏறிப் போய்ப் பழைய இரும்புக் கடைகளில் விசாரித்தார். ஒரு கடையில் மேலே பார்க்க அச்சு அசலாக ஒன்று இருந்தது, ஆனால் அடியில் பல் வேறு கணக்கு. மாட்டினால் எஞ்சினுக்குள் இருக்கிற பல்லைத் தின்றுவிடும். மஸ்கட்டில் இருக்கிற மகனுக்குப் போன் செய்தார். மகன் இரண்டு மூன்று பேரிடம் கேட்டு, இப்போதைய முறையில் செய்த புதுசு ஒன்றை வாங்கிக் கூரியரில் அனுப்பினான். அதற்குள் தேய்கிற சாமான் எதுவும் கிடையாது, மழையில் மக்கர் பண்ணாது, தண்டும் பல்லும் அளவு சரியாக இருந்தது. கஸ்பார் கட்டில் மேல் துணி விரித்து, பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அளவுகோல் வைத்துப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"பொருந்துமா?" என்றாள் எமல்டா.

"பொருந்தும்."

"பின்ன என்ன?"

"மூடி சிவப்பு."

"சிவப்புன்னா?"

"இந்த வண்டிக்கு மூடி கறுப்பு. இதுவும் பெருசா இருக்கு, பாத்தியா, அசிங்கமா. முன்மூடியத் தூக்குன உடனே இதுதான் கண்ணுல நிக்கும்."

எமல்டா சிவப்பு மூடியைப் பார்த்தாள். பிறகு, சுடலைமணி கடையிலிருந்து கொண்டுவந்த கங்கு சாம்பல் பூத்துக்கொண்டிருந்ததால், ஊதுவதற்கு அடுப்படிக்குப் போனாள்.

கோத்தகிரியில் லலிதா பொன்னப்பா என்ற அம்மாளிடம் அதே ஜாதி வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்று இருக்கிறதென்று கஸ்பாருக்குத் தகவல் கிடைத்திருந்தது. அவளுடைய கணவர் தேயிலைத் தோட்டக்காரர், இறந்துவிட்டார். வண்டி எப்போதோ துருப்பிடித்துப் போயிற்று, இது மட்டும் கண்ணாடி அலமாரியில் இருந்தது. அதே கம்பெனி, அதே வருஷம், மூடி கறுப்பு. கொடுக்கிறேன் என்பாள், பிறகு, இந்த வாரம் வேண்டாமே, கொஞ்சம் போகட்டுமே என்பாள். கஸ்பார் புதுசைத் துணியில் சுற்றி, பெட்டியில் போட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளினார். டீக்கடையில் கேட்டபோது, "இன்னும் சரியான சாமான் அமையல," என்றார்.

சொன்ன பிறகு காது சுட்டது. ஆனாலும் அவர் அங்கேயே உட்கார்ந்து டீயை முழுசாகக் குடித்தார், ஏனென்றால் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், என்ன அமையவில்லை, எப்படி அமையவில்லை என்று கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். பல் கணக்கு என்றால் என்ன, தண்டின் நீளம் ஏன் முக்கியம் என்று அவர் சொல்லச் சொல்ல, மீன்காரர்களும் உப்பளத்துக்காரர்களும் பள்ளிக்கூட வாத்தியாரும் ஒரு சொல் விடாமல் கேட்டார்கள். ஒரு தெருவின் அத்தனை அடுப்பும் தன் ஒரு கைக்காகக் காத்திருக்கிறது என்பது அவருக்கு வீட்டுக்கு நடக்கும்போது தெரிந்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று தெரிந்ததும் நடையை வேகமாக்கினார், யாரோ பின்னால் வருகிறார்கள் என்பதுபோல.

எமல்டா அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் காலையில் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி மத்தியானம் சாப்பாட்டு மேசையில் இருக்கும். அவர் திரும்ப உள்ளே தள்ளுவார். மறுநாள் அது இயேசுவின் திருவிருதயப் படத்துக்குக் கீழே, பூக்கள் வைக்கிற இடத்தில் இருக்கும். "பெருக்கும்போது எடுத்தேன்," என்பாள். அவர் அதை எடுத்துக்கொண்டு போகும்போது படத்தைப் பார்க்காமல் போவார்.

ஜெனோவாவுக்கு அப்போது நிறைமாசம். அவள் ரெக்ஸனின் மனைவி, எதிர் வரிசையில் வீடு, தையல் வேலை செய்கிறவள், வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். ரெக்ஸன் மீன் ஏலக்கூடத்தில் வேலை பார்க்கிறவன். அவனுடைய மோட்டார் சைக்கிளும் குழாயடிக்கு அந்தப் பக்கம்தான் நின்றது. கங்கு வாங்கப் போகும்போது ஜெனோவா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் சிரட்டையை ஏந்திக்கொண்டு நடப்பாள். ஒருநாள் கஸ்பார் வாசலில் நின்று, "என்ன மாமா, உங்க கறுப்பு மூடி வந்துட்டா?" என்று கேட்டாள். மூடியின் நிறம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கஸ்பார் அப்போது யோசிக்கவில்லை. "வந்துரும் தாயி, வந்துரும்," என்றார்.

அவளுக்கு வலி கண்டது ஒரு வியாழக்கிழமை முற்பகலில். ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள், அது ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது, சரக்கு ரயில் ஒன்று போவேனா என்று நின்றது. குழாயடிக்கு அப்பால் ஆட்டோ இருந்தது, தெருவுக்குள் வராது. ரெக்ஸன் ஜெனோவாவை நடக்க வைக்கப் பார்த்தான், அவள் இரண்டு எட்டு வைத்து உட்கார்ந்துவிட்டாள். சுடலைமணி மீன் கொண்டுபோகிற மூணு சக்கர வண்டியைக் கழுவி, மேலே பாய் விரித்து இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். ஆண்கள் தள்ள, பெண்கள் சுற்றி ஓட, முழுத் தெருவும் குழாயடியை நோக்கிப் போயிற்று. சுடலைமணி கடையை விட்டு ஓடி வந்தபோது அடுப்பில் பால் இருந்தது. பால் பொங்கி வழிந்து, தெருவின் ஒரே நெருப்பை அணைத்தது. அதை அந்த நேரத்தில் பார்க்க ஆள் இல்லை.

கஸ்பார் அப்போது மாடியறையில் போனில் இருந்தார். லலிதா பொன்னப்பா அன்றைக்குத்தான் மனம் இளகியிருந்தாள். "நீங்க வந்து எடுத்துக்கலாம்னு நினைக்கிறேன், மிஸ்டர் கஸ்பார். அவருக்கு அது அலமாரியில இருக்கறது பிடிக்காது. ஓடற வண்டியிலதான் இருக்கணும்னு சொல்வார்," என்று மெதுவாக, நடுநடுவே நிறுத்தி, பேசிக்கொண்டிருந்தாள். தெருவிலிருந்து கூச்சல் வந்தது. யாரோ ஓடுகிற சத்தம், ஒரு பெண் கத்துகிற சத்தம், "தள்ளுங்க தள்ளுங்க" என்று ரெக்ஸன் குரல். கஸ்பார் போனை ஒரு கையால் பொத்திக்கொண்டு எழுந்துபோய், அந்த அம்மாள் சொல்வது சரியாகக் கேட்கவில்லை என்று ஜன்னலைச் சாத்தினார்.

எப்போது வரலாம், எந்தப் பஸ், யார் வீட்டில் கேட்க வேண்டும் என்று எல்லாம் பேசி முடித்து, அம்மாளுக்கு நன்றி சொல்லி, அவர் கீழே இறங்கி வாசலுக்கு வந்தபோது தெருவில் ஒருவரும் இல்லை. வடக்கே குழாயடியில் கூட்டமாக இருந்தது. சேலைகளை விரித்துப் பிடித்துப் பெண்கள் வட்டமாக, முதுகைக் காட்டி நின்றார்கள்; காற்று அந்தச் சேலைகளை இழுத்து இழுத்து விட்டது. ஆண்கள் எட்டத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குழாயைத் தாண்ட ஒரு வண்டி நீளம் பாக்கி இருக்கும்போதே பிள்ளை வந்துவிட்டது, நடுத்தெருவில், மீன் வண்டியில், உச்சி வெயிலில். பிள்ளை அழுதது. நல்ல பலமான அழுகை.

"வெந்நி, வெந்நி," என்று வட்டத்துக்குள்ளிருந்து எமல்டா குரல் கேட்டது. யாரோ டீக்கடைக்கு ஓடி, வெறுங்கையோடு திரும்பி ஓடி வந்து, அடுத்த தெருவுக்கு ஓடினார்கள். கஸ்பார் கூட்டத்துக்குப் பக்கத்தில் போனார். காற்று ஒரு சேலையை ஒதுக்கியது. ஜெனோவா பாயில் கிடந்தாள், முடி முகத்தில் ஒட்டியிருந்தது, கண் திறந்திருந்தது. அவள் அவரைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, ஒரு வீட்டுக்காரர் எவ்வளவு நேரம் கழித்து வாசலுக்கு வருகிறார் என்று பார்க்கிற மாதிரி பார்த்தாள். சேலை திரும்ப மூடிக்கொண்டது. கஸ்பார் போய் ஆண்களோடு சுவரைப் பார்த்து நின்றார். அவர் கையில் இன்னும் போன் இருந்தது, வெகுநேரம் காதில் வைத்திருந்ததால் சுட்டது. அதைச் சட்டைப்பையில் போட்டார். பையிலும் சுட்டது.

ஆம்புலன்ஸ் வந்தது, தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. கஸ்பார் வீட்டுக்கு வந்தார். பெட்டி அன்றைக்கு எங்கும் எடுத்து வைக்கப்படாமல் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. எமல்டா திரும்பி வந்து, சேலையை மாற்றாமல், ரத்தக் கறையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் குனிந்து பெட்டியை இழுத்தார்.

"கைலியக் கட்டிக்கிடுங்க, நல்ல வேட்டி," என்றாள் அவள்.

மற்ற நாளாக இருந்தால், முன்மூடியைத் தூக்கியவுடன் ஆட்கள் வந்து சுற்றி நிற்பார்கள். அன்று யாரும் வரவில்லை. கதவுகள் திறந்துதான் இருந்தன, ஆட்கள் உள்ளேதான் இருந்தார்கள். கஸ்பார் தனியாக வேலை செய்தார். முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பழசை உருவி எடுத்து, உதிர்ந்த பற்களைத் துணியால் துழாவி எடுத்து, புதுசை இறக்கினார். தண்டு முதலில் உட்காரவில்லை, அடியில் ஆயில் பம்பின் நாக்கோடு சேரவில்லை. உருவி, கொஞ்சம் திருப்பி, மறுபடி இறக்கினார். உட்கார்ந்தது. ஒயர்களை ஒவ்வொன்றாக, எதற்குப் பிறகு எது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு மாட்டினார். வேலை ஒரு மத்தியான நேரத்துக்குள் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா, இவ்வளவுதானா என்று அவருக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. சிவப்பு மூடி எஞ்சினுக்கு நடுவில் ஒரு பெரிய கொப்புளம் மாதிரி உட்கார்ந்திருந்தது.

சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு முறை இருமி, பிடித்துக்கொண்டது. சுடலைமணி கடையில் ஒரு தீக்குச்சி பற்றியது. பிறகு ஒவ்வொரு வீடாக லைட்டர் சொடுக்குகிற சத்தம், குக்கர் சத்தம், குழாயடியிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் வீட்டுக்கு வருகிற சத்தம். யாரும் கை தட்டவில்லை, யாரும் திட்டவில்லை. அவரவர் அடுப்பை அவரவர் பற்றவைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். அந்த நாத்தனார்கள் இரண்டு பேர் மட்டும் பழக்கத்தில் சிரட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, ஒருத்தியை ஒருத்தி பார்த்து, உள்ளே போனார்கள்.

மறுநாள் லலிதா பொன்னப்பாவுக்குப் போன் செய்து, வேண்டாம், வேறு மாட்டிவிட்டேன் என்றார். "அப்படியா," என்றாள் அவள். "நல்லதாப் போச்சு. ராத்திரியெல்லாம் அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கிட்டிருந்தேன்." கஸ்பார் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை.

ஜெனோவா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலம் அவர் அவள் வீட்டுக்குப் போனார். ரெக்ஸன் வாசலில் கொடியிலிருந்து பிள்ளைத் துணியை எடுத்துக்கொண்டிருந்தான். ஆண் பிள்ளை. உள்ளே அறையில் ஜெனோவா படுத்திருந்தாள், கதவு பாதி சாத்தியிருந்தது.

"ரெக்ஸன், ஒண்ணு சொல்லணும்," என்றார் கஸ்பார். "அந்தச் சாமான்... அது எங்க வீட்டுல முன்னாடியே இருந்துச்சு. வந்து ரொம்ப நாளாச்சு. நான்தான் மாட்டாம வச்சிருந்தேன்."

ரெக்ஸன் துணியை மடித்தான். "தெரியும் மாமா."

"தெரியுமா?"

"கூரியர்க்காரன் பைக் குழாயடில நின்னுபோச்சுல்லா. பெட்டியத் தூக்கிக்கிட்டு நடந்து வந்தான். வீடு தெரியாம ஒவ்வொரு வீடாக் கேட்டான். பெட்டி மேல படம் வேற போட்டிருந்துச்சு, செவப்பு மூடியோட. எல்லாரும் பாத்தோம்."

டீக்கடையில் பல் கணக்கையும் தண்டு நீளத்தையும் அவர் விளக்கியபோது தலையாட்டிய ஒவ்வொரு முகமும் கஸ்பாருக்கு முன்னால் வந்து போயிற்று. சுடலைமணி. வாத்தியார். உப்பளத்துக்காரர்கள். இன்னும் அமையல என்று அவர் சொன்னபோது, "அமையும் அண்ணாச்சி," என்று சொல்லி டீயை ஆற்றிக் கொடுத்தவர்கள்.

"ஒருத்தர்கூட கேக்கலயே," என்றார்.

"நாளைக்கு மாட்டுவிய, நாளைக்கு மாட்டுவியன்னு நெனச்சோம். கேட்டா உங்களுக்கு மானக்கேடா இருக்கும்லா. வயசுல பெரியவிய." ரெக்ஸன் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னான்; அதனால் கஸ்பாருக்கு உட்காரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"உங்களுக்கு மானக்கேடு வரக்கூடாதுன்னு," என்று பாதி சாத்திய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஜெனோவா சொன்னாள், "நான் நடுத்தெருவுல கெடந்தேன் மாமா."

"ஏ, சும்மா இரு," என்றான் ரெக்ஸன்.

"நான் என்னத்துக்குச் சும்மா இருக்கணும்? இவிய எல்லாரும் சும்மா இருந்தது போதும்." உள்ளே பிள்ளை முனகியது. "நீங்க மன்னிப்புக் கேக்கத்தான வந்திருக்கிய?"

"ஆமா தாயி."

"நான் மன்னிக்கல. இப்ப இல்ல. எப்பன்னும் எனக்குத் தெரியாது."

"சரி தாயி."

"ஞாயித்துக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம். கோயிலுக்கு உங்க வண்டியிலதான் போகணும். நீங்கதான் ஓட்டணும். தெரு வழியா, எல்லாரும் பாக்க. மீன் வண்டியில போனவ கார்ல போறான்னு பாக்கட்டும்."

கஸ்பார் தலையாட்டினார். கதவு பாதி சாத்தியிருக்கிறது, தலையாட்டியது அவளுக்குத் தெரியாது என்று பிறகுதான் உறைத்தது. "வாரேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தினார். முன்மூடியைத் தூக்கி வைக்கவில்லை. ரெக்ஸன் முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த வண்டியில் பின்னால் ஏற முன்சீட்டை மடக்க வேண்டும், எமல்டா மடக்கிப் பிடித்துக்கொள்ள, ஜெனோவா பிள்ளையோடு ஏறினாள். வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. எமல்டா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தெருக்காரர்கள் வாசல்களில் நின்றார்கள், பிள்ளைகள் கையாட்டின, சுடலைமணி கடையிலிருந்து இறங்கி நின்று கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார், வண்டியையா, பிள்ளையையா, தெரியவில்லை. கஸ்பார் பதிலுக்குக் கையைத் தூக்கினார், பாதி தூக்கி இறக்கிக்கொண்டார். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

ஏறின உடனே, யாருக்கும் தெரியாமல், அவர் உள்கண்ணாடியை மேலே திருப்பிவிட்டிருந்தார். அதில் வண்டியின் கூரை மட்டும்தான் தெரிந்தது. குழாயடி வந்தது. அந்த இடத்தில் அவர் வண்டியை இன்னும் மெதுவாக்கினார். வேகமாகப் போனால் தப்பு மாதிரியும், மெதுவாகப் போனால் அதைவிடத் தப்பு மாதிரியும் இருந்தது. தண்ணீர் பிடிக்கிறவர்கள் குடத்தை நகர்த்தி வழி விட்டார்கள்.

"மாமா," என்றாள் பின்னாலிருந்து ஜெனோவா.

"சொல்லு தாயி."

"கண்ணாடி கோணலா இருக்கு. நேரா வச்சு ஓட்டுங்க."

கஸ்பார் கையை உயர்த்திக் கண்ணாடியைத் திருப்பினார். கூரை நகர்ந்தது, பின்ஜன்னல் வந்தது, எமல்டாவின் தோள் வந்தது, பிறகு ஜெனோவாவின் கண்கள் வந்து அதில் நின்றன. அவர் கையை எடுத்தார். கோயில் வரைக்கும் அவை அங்கேயே இருந்தன.